ஐப்பசி பொறக்கப் போகுது, பொடக்காலில என்னென்ன வேலை பாக்கோணும்?

வாய்க்கால்மேடு_கோபி (அக்டோபர் 9)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்துல தடப்பள்ளி வாய்க்காலுக்குக் கீழ்பக்கம் எங்க வீடு. பன்னண்டு வருஷம் பெங்களூர்ல அபார்ட்மெண்ட்ல இருந்தேன், அப்பா தவறுனதுக்கப்புறம் அம்மா தனியா இருக்காங்கன்னு இந்த வைகாசில இங்கயே வந்துட்டேன். தோட்டம்னா நம்ம பக்கம் கெணத்துத் தண்ணி பாயற பூமியத்தான் சொல்வாங்க, நான் கேக்கறது அதில்லீங்க, வீட்டுக்குப் பின்னாடி இருக்கற பொடக்காலி, ஒரு அஞ்சு செண்டு வரும். அப்பா இருந்தவரைக்கும் நாங்க யாரும் அதுல கை வெச்சதில்ல, காய் பறிக்கப் போனதோட சரி.

இருக்கறது என்னன்னா மூணு தென்னை, ஒரு கொத்து பூவன் வாழை (ரெண்டு தார் போட்டிருக்கு), ரெண்டு பப்பாளி, கருவேப்பிலை மரம் ஒண்ணு, வீட்டு மேலயே சாஞ்சு நிக்கற முருங்கை ஒண்ணு, குண்டுமல்லி ரெண்டு புதர், மாடில ஒரு இருபது தொட்டி நான் வந்து வெச்சது. புரட்டாசி ஆரம்பத்துல ரெண்டு மழை பேஞ்சுது, பின்னாடி கெழக்கு மூலைல பப்பாளிகிட்ட கணுக்கால் அளவு தண்ணி நின்னுது, வத்தறதுக்கு ஒரு நாள் முழுசா ஆச்சு. கருவேப்பிலை எலை வேற மஞ்சளா வருது.

இந்த மாசத்துல என்ன வேலை செய்யறதுன்னு வீடியோ தேடிப் பாத்தா எல்லாம் வெளிநாட்டு வீடியோவா வருது, கொட்டுன எலையக் கூட்டி அள்ளுங்க, செடிய வெட்டி மூடி வைங்க, தொட்டிய எல்லாம் வீட்டுக்குள்ள எடுத்து வைங்க, டூலிப் கெழங்கு நடுங்கன்னு. எங்க வேப்பமரத்துல எலை கொட்டவே இல்ல. இதுல நமக்கு ஆகறது ஏதாச்சும் இருக்குங்களா?

இன்னொண்ணு. அப்பா ஒரு டைரி வெச்சிருந்தாங்க, வருஷா வருஷம் ஐப்பசி பொறந்த மொத வாரத்துல ஒரே வரி எழுதியிருக்காங்க, "கெழக்கு மூலை வாமடை வெட்டி உட்டது". அம்மாவைக் கேட்டா "தண்ணிக்கு ஏதோ செய்வாரு"ங்கறாங்க. நாங்க வயல் வெச்சிருக்கற குடும்பம் இல்லீங்க, அப்பா டீச்சர். வாமடைன்னா வாய்க்கால்ல இருக்கறது தான, வீட்டுக்குப் பின்னாடி அது எங்க இருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மொடக்குறிச்சி அக்கா (அக்டோபர் 9)

அம்மிணி, அப்பா எழுதி வெச்சதுலயே பாதி பதில் இருக்குது. வாமடைங்கறது வாய்மடை, வாய்க்கால்ல இருந்து பாத்திக்குத் தண்ணி திருப்பற வாய். ஆனா உங்கப்பா எழுதுனது உள்ள உடறதுக்கு இல்ல, வெளிய உடறதுக்கு. உங்கூடு வாய்க்காலுக்குக் கீழ இருக்குது, புரட்டாசி ஐப்பசில வாய்க்கால்ல தண்ணி போறப்ப ஊத்தம் ஏறி மண்ணு அடியில ஏற்கனவே ஈரமா இருக்கும், அதுக்கு மேல மழை பேஞ்சா தண்ணி எறங்க எடமே இல்ல. அதனால எங்காச்சும் காம்பவுண்டு அடியில ஒரு போக்கு விட்டிருப்பாரு, அந்த ஓட்டைக்கு நேரா வருஷம் ஒருக்கா மண்ண வழிச்சு வாய் வெட்டி உட்டிருப்பாரு. கெழக்கு மூலைல செவுத்தோட அடி செங்கல்லு கிட்ட நல்லாத் தேடிப் பாருங்க.

அந்த வீடியோ எல்லாம் பனி கொட்டற நாட்டுக்காரங்க செய்யறது. அவிய ஊர்ல இந்த மாசம் வெயில் கொறஞ்சு எலை உதுந்து, அப்பறம் உறைபனி விழுந்தா பச்சைச் செடி கருகிப் போயிரும், அதனால தோட்டத்த மூடறாங்க. டூலிப் கெழங்குக்கு மாசக்கணக்குல குளிர் வேணும், அது இல்லாம பூக்காது, நம்மூர்ல காசு தான் வீணு. நமக்கு வேம்பு புங்கன் எல்லாம் எலை கொட்டறது தை மாசி, அப்பக் கூட்டி அள்ளலாம். நம்ம பக்கம் ஐப்பசில தான் மண்ணு நனையுது, வெதைக்கறதும் நடறதும் இப்பத்தான், மூடறதுக்கு ஒண்ணுமே இல்ல.

மொத வேலை தண்ணிக்கு வழி. இத முடிக்காம வேற எதுலயும் கை வெக்காதீங்க. ஒரு மழை பேயறப்ப கொடை புடிச்சுட்டு பின்னாடி போய் நில்லுங்க, தண்ணி எங்கிருந்து வருது எங்க நிக்குதுன்னு கண்ணுல பாருங்க, வெயில்ல நின்னு யோசிச்சா தெரியாது. மம்பட்டில ஒரு சாண் ஆழத்துக்கு சின்ன வாய்க்கா இழுத்து அந்தப் போக்கு வரைக்கும் கொண்டு போய் உடுங்க.

பப்பாளிக்குத் தான் அவசரம். வாழை கூட ரெண்டு நாள் தாங்கும், பப்பாளி தண்ணில நின்னா வேரு அழுகி, தண்டு அடி மெத்துனு ஆயி, அப்படியே சாஞ்சுரும். இன்னைக்கே அடிமரத்தச் சுத்தி ஒரு அடி ஒசரத்துக்கு மண்ண அணைச்சு மேடாக்குங்க, சைக்கிள் சக்கரம் அகலத்துக்கு. மக்குன எரு ஒரு கிலோவுக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சாணத் தூள் கலந்து, ஈரம் தெளிச்சு ஒரு வாரம் நெழல்ல மூடி வெச்சு அப்பறம் வேருகிட்ட போடலாம், அழுகல் வராம காக்கும். எலைக்கடியில வெள்ளையா பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்குதான்னும் பாத்துக்கங்க. அது 2008ல நம்ம கோயமுத்தூர்ல தான் நாட்டுலயே மொதல்ல தெரிஞ்சுது, அப்ப பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்தையும் அழிச்சுது, எங்க மரவள்ளிக்காடு அந்த வருஷம் வெள்ளை வெள்ளேருன்னு இருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. 2010ல வெளிநாட்டுல இருந்து ஒரு குட்டிக் குளவியக் கொண்டாந்து உட்டாங்க, அதுக்கப்பறம் தான் அடங்குச்சு. இப்ப கொஞ்சமா இருந்தா தண்ணிய வேகமா பீச்சி அடிச்சாலே போதும், கண்ட மருந்து அடிச்சா அந்தக் குளவியும் செத்துப் போகும்.

வாழைக்கு முட்டுக் குடுங்க. ஆடிக்காத்து மேக்கால இருந்து அடிச்சதுல மரம் கெழக்க சாஞ்சிருக்கும், இப்ப வாடைக்காத்து வடகெழக்க இருந்து சுழட்டி அடிக்கும். தார் எந்தப் பக்கம் தொங்குதோ அந்தப் பக்கம் ரெண்டு மூங்கில கத்திரி மாதிரி கட்டி கழுத்துக்குக் கீழ தாங்கற மாதிரி ஊனுங்க. பக்கக் கன்னுல நல்லதா ஒண்ணே ஒண்ணு உட்டுட்டு மத்ததத் தோண்டி எடுத்துருங்க. காஞ்ச சருகு, புள்ளி விழுந்த எலை எல்லாம் அறுத்து வெளிய போட்டுருங்க, மழைல அந்தப் புள்ளி மேல இருக்கற எலைக்கும் பரவும்.

கருவேப்பிலைக்கு ஒரு சமாச்சாரம் கேக்கறேன், மஞ்சள் கொழுந்துல இருக்குதா, அடி எலைல இருக்குதா? கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது இரும்புச் சத்துக் கொறை, நம்ம பக்கம் மண்ணுல சுண்ணாம்பு எச்சா, அதனால மண்ணுல இரும்பு இருந்தாலும் செடி எடுக்க முடியாது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு சாயங்காலம் பொழுதோட எலைல அடிங்க, ஒரு வாரம் பறிக்காதீங்க. எங்காத்தா புளிச்ச மோர ஊத்தும், அதையும் ஊத்துங்க, நல்லாத் தழையும்.

---

ஆழியாத்தங்கரை (அக்டோபர் 10)

அக்கா சொன்னது அத்தனையும் சரிங்க. தென்னையப் பத்தி நான் சொல்றேன், பொள்ளாச்சிக்காரன் சொல்லாம வேற யாரு சொல்றது.

மழை புடிக்கறதுக்கு முன்னாடி மரம் ஏறறவரக் கூட்டிட்டு வந்து காஞ்ச மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் எறக்கிருங்க. வீட்டு ஓரத்துல இருக்கற மரம்னா இது கட்டாயம், காத்துல ஒரு காஞ்ச மட்டை ஓட்டு மேல விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஆனா பச்சை மட்டைய வெட்ட விடாதீங்க. சில பேரு "க்ளீனா இருக்கும்"னு நாலஞ்சு பச்சை மட்டைய சேத்து எறக்கிருவாங்க, ஒவ்வொரு மட்டை எடுக்குல தான் பாளை வருது, மட்டை போனா கொலை தாங்கறதுக்கு ஆளில்லாம காய் கொட்டும்.

ஏறறவர்கிட்டயே வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒண்ணுக்கு ரெண்டுன்னு கலந்து குடுத்து விடுங்க, குருத்துக்குப் பக்கத்துல உள்பக்கத்து மூணு மட்டை எடுக்குல ஒரு மரத்துக்கு 150 கிராம் போடச் சொல்லுங்க. காண்டாமிருக வண்டு வராது. அந்த வண்டு முட்டை வெக்கறது எருக்குழிலயும் அழுகுன தென்னங்கட்டைலயும் தான். உங்கப்பா எருக்குழி வெச்சிருந்தா ஒருக்கா கெளறிப் பாருங்க, வெள்ளையா தடியா வளைஞ்சு கெடக்கற புழு தலை செம்பழுப்பா இருந்தா அது தான். பொறுக்கிக் கோழிக்குப் போட்டுருங்க.

மட்டைக்கு அடியில வெள்ளையா வட்டம் வட்டமா சுருள் சுருளா ஏதாச்சும் இருக்குதா? கீழ இருக்கற வாழை எலை, மல்லி எலை மேல கரி பூசுன மாதிரி இருக்குதா? அது சுருள் வெள்ளை ஈ. 2016ல எங்க பொள்ளாச்சி பக்கம் தான் இந்தியாவுல மொதல்ல பாத்தாங்க, இப்ப எல்லாப் பக்கமும் போயிருச்சு. நல்ல மழை பேஞ்சா தானா கொறையும், அதனால இப்ப மருந்துக்கு ஓடாதீங்க. மாசி பங்குனி வெயில்ல தான் ஏறும், அப்ப மஞ்ச சீட்டுல வெளக்கெண்ணெய் தடவி மரத்துல கட்டுங்க, கரி புடிச்ச எலைக்கு மைதா கஞ்சி ஒரு லிட்டருக்கு 25 கிராம் கரைச்சு அடிச்சா காஞ்சு பொரை பொரையா உதுந்துரும்.

அடிமரத்தச் சுத்தி ஆறடிக்கு வட்டப்பாத்தி எடுத்து உடுங்க. இது தண்ணி தேக்கறதுக்குத் தான், ஆனா உங்க பூமி ஊத்தம்ங்கறதால கரை ரொம்ப ஒசரமாப் போட வேண்டாம். எரு போட்டு மண்ணு மூடி விடலாம். உரம் போடறதா இருந்தா அடைமழை நாள்ல போடாதீங்க, எல்லாம் அடிச்சுட்டுப் போயிரும், மழை விட்டு மார்கழி தைல போட்டுக்கலாம்.

முருங்கைய இப்பவே மூணடிக்கு மொட்டையா வெட்டிருங்க, வாடைக்காத்துல அது கண்டிப்பா ஒடியும், முருங்கைக் கெளைக்கு பலமே கெடையாது.

---

மாடித்தோட்டம்_சிங்காநல்லூர் (அக்டோபர் 10)

முருங்கை விஷயத்துல நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேங்ணா. மூணடிக்கு வெட்டுனா மறுதாம்பு தழைஞ்சு காய் வர நாலஞ்சு மாசம் ஆகும், பங்குனில தான் காய் பாக்கலாம். அவங்க மரத்துல இப்ப பூவோ பிஞ்சோ இருந்தா அது போயிரும், அதுவும் அப்பா வெச்ச மரம். வீட்டு மேல சாஞ்ச கெளைய மட்டும் சாய்வா வெட்டி, வெட்டுவாயில சாணியக் கொழைச்சு அப்பிட்டா போதும், மழைத்தண்ணி எறங்கி அழுகாது. மழைக்காலத்துல முருங்கைத் தண்டுல கம்பளிப்பூச்சி கூட்டமா வந்து அப்பிக்கும், அத மட்டும் தினமும் பாருங்க, தண்டுல ஒட்டுக்கா இருக்கறப்ப பந்தத்தக் காட்டிப் பொசுக்கறது தான் வழக்கம். கொழந்தைங்க இருந்தா பக்கத்துல விடாதீங்க, மயிர் பட்டா தடிச்சுரும்.

மாடித் தொட்டிக்கு வர்றேன். நீங்க என்ன மண் கலவை போட்டிருக்கீங்க? வெயில் காலத்துல ஈரம் நிக்கணும்னு தென்னை நார்க்கழிவு பாதிக்கு மேல போட்டிருந்தா இந்த மழைக்கு அது சொதசொதன்னு ஆயி வேர் மூச்சு முட்டிப் போகும். எனக்கு போன வருஷம் அப்படித்தான் எட்டு தக்காளி ஒரே வாரத்துல போச்சு, மேல பாத்தா நல்லா இருந்துச்சு, புடுங்கிப் பாத்தா வேரே இல்ல. இப்ப மாத்த முடியலைன்னா தொட்டிய ரெண்டு செங்கல் மேல ஏத்தி வைங்க, அடி ஓட்டைய ஒரு குச்சி விட்டுக் குத்தி விடுங்க, தட்டு வெச்சிருந்தா எடுத்துருங்க. தட்டுல நிக்கற தண்ணில தான் டெங்கு கொசு முட்டை போடும்.

மாடில மழைத்தண்ணி போற வாய கட்டாயம் சுத்தம் பண்ணுங்க. தொட்டியில இருந்து அடிச்சுட்டு வர்ற நார்க்கழிவு, எலை எல்லாம் போய் அங்க அடைச்சு மாடியே தொட்டி ஆயிரும். ஒரு கணக்கு சொல்றேன், 1000 சதுர அடி மாடில ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 900 லிட்டருக்கு மேல தண்ணி. அஞ்சு சென்டிமீட்டர் பேஞ்சா ஒரு சின்ன டேங்கர் அளவு. அது அத்தனையும் குழாய் வழியா எங்க போய் விழுதுன்னு பாருங்க, உங்க பப்பாளி மூலைக்கே போய் விழுதோ என்னமோ. 2003ல இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனதுல நெறைய வீட்டுல குழி போட்டாங்க, உங்க வீட்டுலயும் இருந்தா மூடியத் தொறந்து மண்ணு தூந்து போயிருக்கான்னு பாருங்க, கூழாங்கல்ல எடுத்து ஒருக்கா அலசிப் போட்டா திரும்ப எறங்கும்.

வெதைக்கறது. இப்பப் போட்டா நல்லா வர்றது கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, பீட்ரூட், காலிபிளவர், முட்டைக்கோஸ். கொத்தமல்லிய முழுசாப் போடாதீங்க, செருப்பால லேசா தேய்ச்சு ரெண்டாப் பொளந்து, ஒரு ராத்திரி ஊற வெச்சு வெதைங்க. கீரை வெதை ரொம்பப் பொடிசு, மணல் கலந்து தூவி மேல பழைய கொசுவலையப் போட்டு மூடி வைங்க, இல்லைன்னா மழைத்துளி அடிச்சு வெதை எல்லாம் ஒரு ஓரத்துல போய் சேந்துரும், மூணு நாள்ல மொளைச்சதும் எடுத்துரலாம். தரைல போட்டீங்கன்னா அந்த வலை மயிலுக்கும் ஆகும், நம்ம பக்கம் எங்க வெதைச்சாலும் மயில் வந்து நிக்குது.

பஞ்சகவ்யா 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி, பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா. கொடுமுடி டாக்டர் நடராஜன் ஊர் ஊராக் கொண்டு போய் சொல்லிக் குடுத்தது, நம்ம ஊர்ச் சரக்கு, எனக்கு நல்லா வேலை செய்யுது. மழை விட்ட நாளா பாத்து வெடியால தெளிங்க.

---

வாய்க்கால்மேடு_கோபி (அக்டோபர் 12)

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. அக்கா, நீங்க சொன்னதப் படிச்சதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. கெழக்கு மூலைல செவுத்துக்கு அடில ஒரு ஓட்டை இருந்துச்சுங்க. அதுல எலி வருதுன்னு நெனைச்சு ஆடி மாசம் நான் தான் செங்கல் வெச்சு சிமெண்ட் பூசி அடைச்சேன். அம்மா அப்ப ஊர்ல இல்ல. அப்பா இத்தனை வருஷம் வருஷா வருஷம் வெட்டி உட்டத நானே அடைச்சு வெச்சிருக்கேன். நேத்தைக்கு உளியும் சுத்தியலும் வெச்சு ஒடைச்சு எடுத்துட்டேன், உள்பக்கம் அப்பா ஒரு கூரை ஓட்ட சாய்வா பதிச்சு வெச்சிருக்காங்க, வெளிய ரோட்டோர சாக்கடைக்குப் போகுது. எலிக்கு என்ன பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

பப்பாளி ஒண்ணு ஏற்கனவே அடி மெத்துனு தான் இருக்கு, எலை எல்லாம் தொங்கிப் போச்சு. இன்னொண்ணு தேவலை, மண்ணு அணைச்சுட்டேன்.

மாடிக் குழாயும் சரியா பப்பாளி மூலைக்குத் தான் வந்து விழுது, சொன்னது அப்படியே. ஒரு பிளாஸ்டிக் டிரம் வாங்கி வெச்சு மேல துணி கட்டலாம்னு இருக்கேன்.

முருங்கைல பூ இருக்கு, அதனால சாஞ்ச ரெண்டு கெளைய மட்டும் எடுக்கச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க ஆழியாத்தண்ணா.

மல்லிப் புதர் காடு மாதிரி வளந்து கெடக்குது, அம்மா இப்பவே வெட்டச் சொல்றாங்க. வெட்டலாமுங்களா?

---

சத்தி_பூக்காடு (அக்டோபர் 12)

வெட்டாதீங்க வெட்டாதீங்க. இன்னும் ஒண்ணரை மாசம் பொறுங்க.

நாங்க மூணு தலைமொறையா சத்தில குண்டுமல்லி வெச்சிருக்கோமுங்க. கவாத்துக்கு நேரம் நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை ரெண்டாவது வாரம். இப்ப வெட்டுனா அடைமழைல வெட்டுவாய் காயாது, கொழுந்து வந்தாலும் நோஞ்சானா வரும், அழுகல் ஏறும். மழை கொறையற நேரத்துல வெட்டுனா பனி காலத்துல தழைஞ்சு, மாசி பங்குனில அரும்பு கட்டும், சீசன்ல பூ எடுக்கலாம். வெட்டறதுக்கு முன்னாடி ஒரு பத்து பதினஞ்சு நாள் தண்ணி உடாம வாட விடோணும். அதனால இப்பவே புதரச் சுத்தி தண்ணி நிக்காம மண்ணு ஏத்தி வெச்சுக்கங்க. தரைல இருந்து அரை மீட்டர் ஒசரம், அதுக்கு மேல எல்லாத்தையும் வெட்டிருங்க, நோவுபட்ட குச்சி, ஒண்ணுக்கொண்ணு ஒரசற குச்சி எல்லாம் எடுத்துருங்க. வெட்டுனதும் புதருக்கு பத்து கிலோ மக்குன எரு.

பாக்கறதுக்கு மொட்டையா இருக்கும், மனசு கேக்காது, ஆனா வெட்டாத செடில பூ உச்சிக்குப் போய்டும், எண்ணிக்கையும் கொறஞ்சுரும். ஜாதிமல்லி இருந்தா டிசம்பர் கடைசி, முல்லை இருந்தா ஜனவரி கடைசி. மூணையும் ஒரே நாள்ல வெட்டறவங்க இருக்காங்க, அது தப்புங்க.

வெட்டுன குச்சிய வீணாக்காதீங்க, பென்சில் தடிமன்ல நல்லா முத்துன குச்சிய ஒரு சாணுக்கு வெட்டி ஈர மணல்ல ஊனி வெச்சா வேர் புடிக்கும். செம்பருத்தி, நந்தியாவட்டை குச்சி இருந்தா அத இந்த ஐப்பசிலயே ஊனலாம், காத்துல ஈரம் இருக்கறதால வாடாது.

எலிக்கு அந்த ஓட்டைல கண்ணி வலை, இரும்பு வலை, கட்டம் அரை இஞ்சுக்குள்ள இருக்கறது, உள்பக்கம் ஆணி வெச்சு அடிச்சுருங்க. தண்ணி போகும், எலி வராது. ஆனா மழைக்கு மழை அதுல சருகு அடைக்கும், கையில எடுத்து விடோணும்.

---

தாராபுரம்_ரோடு (அக்டோபர் 13)

யாரும் இத சொல்லலைன்னு சொல்றேன். பின்னாடி செங்கல் அடுக்கு, பழைய ஓடு, மட்டைக் குவியல் எதாச்சும் இருந்தா மழைக்கு முன்னாடியே ஒதுக்கிருங்க. ஈரம் ஏறுனா பொந்துல இருந்து பூச்சிபொட்டு வெளிய வந்து காஞ்ச எடம் தேடும், அந்தக் குவியல் தான் அதுக்கு வீடு. ஒதுக்கறப்ப வெறும் கையில அள்ளாதீங்க, மொதல்ல நீளமான கம்புல தட்டிட்டு, பூட்ஸ் போட்டுட்டு, பகல்ல செய்யுங்க. பொழுதோட பின்னாடி போனா டார்ச் இல்லாமப் போகாதீங்க. உங்க அம்மா வெடியால இருட்டுல பூ பறிக்கப் போவாங்கன்னா அவங்களுக்கும் சொல்லி வைங்க.

நத்தை வந்தா ஒரு கோணிச் சாக்க நனைச்சு ராத்திரி செடிக்கு நடுவுல விரிச்சு போடுங்க, வெடியால எல்லாம் அதுக்கடியில இருக்கும், பொறுக்கி உப்புத் தண்ணில போட்டுரலாம்.

எங்க பக்கம் வேலி போடறவங்க கிளுவைக் குச்சிய மழைக்கு முன்னாடி ஊனி வெச்சுருவாங்க, அந்த ஈரத்துலயே துளுத்துக்கும். உங்களுக்கு காம்பவுண்டு இல்லாத பக்கம் இருந்தா நெனச்சுப் பாருங்க, கம்பி வேலிய விட காலத்துக்கும் நிக்கும்.

---

வாய்க்கால்மேடு_கோபி (அக்டோபர் 28)

சொல்லோணும்னு தான் வந்தேன். தீவாளி வேலைல ஒரு வாரமா இந்தப் பக்கம் வர முடியல.

போன வாரம் மூணு நாள் விடாம பேஞ்சுது. மொத நாள் பொழுதோட மழை வலுத்ததும் அக்கா சொன்ன மாதிரி கொடை புடிச்சுட்டு பின்னாடி போய் நின்னேன், அம்மா திட்டிட்டே திண்ணைல இருந்து டார்ச் அடிச்சாங்க. நான் இழுத்து விட்ட வாய்க்கால்ல தண்ணி செம்மண் நெறத்துல ஓடுச்சு, அப்பா பதிச்ச அந்த ஓட்டு மேல ஏறி வலை வழியா வெளிய போச்சு. நடுவுல ஒருக்கா வாழைச் சருகு வந்து அடைச்சுது, கைய விட்டு எடுத்தேன். மழை விட்டு ஒரு மணி நேரத்துல மூலைல தண்ணியே இல்லீங்க, புரட்டாசில ஒரு நாள் முழுசா நின்ன அதே எடம். அம்மா ஒண்ணுமே சொல்லல, டார்ச்ச அந்த ஓட்டைக்கு நேரா புடிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க.

வீணாப் போன பப்பாளிய எடுத்துட்டேன், இன்னொண்ணு புதுக் கொழுந்து விட்டிருக்கு. வாழை ரெண்டும் முட்டோட நிக்குது, ஒரு தார் இன்னும் பத்து நாள்ல வெட்டலாம்னு அம்மா சொல்றாங்க. தென்னை மட்டை எறக்குனதுல நீங்க சொன்ன மாதிரி எருக்குழியக் கெளறிப் பாத்தோம், அந்தப் புழு முப்பது நாப்பது இருந்துச்சு, பக்கத்து வீட்டுக் கோழிக்கு நல்ல தீனி. கருவேப்பிலைக்கு அன்னபேதி ரெண்டு தடவை அடிச்சாச்சு, புதுசா வர்ற கொழுந்து பச்சையா வருது, மோரும் ஊத்தறோம், எதுனால பச்சை ஆச்சுன்னு தெரியல, ரெண்டையும் நிறுத்தல. மாடில கொத்தமல்லி மொளைச்சாச்சு, முள்ளங்கி ரெண்டு எலை. மல்லிய இன்னும் தொடல, காலண்டர்ல கார்த்திகை ரெண்டாவது வாரத்துல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்.

அப்பா டைரியிலயே இந்த வருஷத்துக்கும் ஒரு வரி எழுதிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். மழை பேஞ்சதுல பின்னாடி பூரா பச்சைப்பசேல்னு களை. பார்த்தீனியம் தெரியும், அத உறை போட்டுட்டு பூக்கறதுக்கு முன்னாடியே புடுங்கிட்டேன். ஆனா வேலியோரமா ஒரு செடி, தரையோட கொஞ்சம் படர்ந்து அப்பறம் நிமிருது, தண்டு லேசா செவப்பு, எலை நீளமா மெல்லிசா இருக்கு, நுனில நூல் மாதிரி நீட்டமா ரோஸ் கலர்ல பூங்கதிர் ஒண்ணு ரெண்டு வர ஆரம்பிச்சிருக்கு. அம்மா கண்ணாடி போடாம பாத்துட்டு கீரை மாதிரி இருக்குதுங்கறாங்க. புடுங்கட்டுமா, விடட்டுமா?

---

மொடக்குறிச்சி அக்கா (அக்டோபர் 28)

அம்மிணி, நீ சொல்றதப் பாத்தா தொய்யக்கீரை மாதிரி தான் இருக்குது. ஆனா எழுத்துல படிச்சுட்டு சமைக்கச் சொல்ல மாட்டேன், அம்மாவக் கண்ணாடி போட்டுட்டு கிட்ட வந்து பாக்கச் சொல்லு, இல்லைன்னா பக்கத்துல வயசானவங்க யாராச்சும் இருந்தா ஒரு கொத்து ஒடிச்சுட்டுப் போய் காட்டு, அவிய பாத்த ஒடனே சொல்லிருவாங்க. அது தான்னு உறுதி ஆயிருச்சுன்னா புடுங்காத, கொழுந்தா கிள்ளு, வேர விட்டு வை, மறுபடி தழையும். பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை எல்லாம் கூட இந்த மழைக்கு அந்த ஓரத்துலயே வரும், தேடிப் பாரு.

பருப்பு வேக வெச்சு, சின்ன வெங்காயம், பச்சை மொளகா, பூண்டு போட்டு கீரையும் சேத்து மத்துல கடைஞ்சு எடு. ராகிக் களிக்கு அது தான் தோது. கதிர் முத்துனா கீரை நாராயிரும், அதனால இந்த வாரத்துக்குள்ள கிள்ளிருங்க.

---

வாய்க்கால்மேடு_கோபி (அக்டோபர் 29)

பக்கத்து வீட்டு அம்மிச்சி பாத்துட்டு தொய்யக்கீரையே தான்னு சொல்லிட்டாங்க. மத்தியானம் கடைஞ்சாச்சு. அப்பாவுக்கு ரொம்பப் புடிக்கும்னு அம்மா சொன்னாங்க, எனக்கு இத்தனை வருஷமா தெரியாது.